நெஞ்சுக்குள்ளே கல்லுத்தூள்

எங்க நைனா 1999ல செத்துப்போனாரு. அப்ப அவருக்கு அம்பத்தோரு வயசு. கடைசி ரெண்டு வருஷம் அவரு படுத்துத் தூங்கினதே இல்ல. சுவத்துல சாஞ்சிக்கினு, முட்டி மேல கைய ஊணிக்கினு, ராத்திரி பூரா ஒக்காந்தே இருப்பாரு. தெருவுல அவருக்குப் பேரே 'இளைப்புக்காரரு'ன்னு ஆயிப்போச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டுல 'டி.பி.'ன்னு எழுதியிருந்தது. அதுக்குக் கீழே 'பீடிப் பழக்கம் உண்டு'ன்னு இன்னொரு வரி. அவ்வளவுதான். இருபது வருஷமா கல்லு ஒடச்ச ஒரு மனுஷனைப் பத்தி அந்தச் சீட்டுல இருந்தது இந்த ரெண்டே வரிதான். கல்லைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

எங்க சேரி ஒரகடத்துக்குத் தெக்கால இருக்குது. நைனா போனது குன்றத்தூர்ப் பக்கத்துல ஒரு கல்குவாரிக்கு. முதலாளி பேரு இங்க வேணாம். பாறையில துளை போடுற மிஷினைப் புடிச்சிக்கினு நிப்பாரு. மத்தியானத்துல சம்மட்டி. பின்னால கிரஷர் வந்தப்ப கிரஷர்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையா இருக்கும். எங்க அம்மா, 'மாவு மிஷின்காரன் வந்துட்டான்'னு கிண்டல் பண்ணும். நாங்களும் சிரிப்போம். அந்த வெள்ளைதான் அவரு நெஞ்சுக்குள்ளயும் இறங்கிக்கினு இருந்ததுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல.

என் தம்பியும் பதினாலு வயசுல, 1990ல, அதே குவாரிக்குப் போனான். பதினஞ்சு வருஷத்துக்கு மேல அங்க இருந்தான். குவாரி மூடினப்புறம் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையில காண்ட்ராக்ட் வேல. அச்சு மணல்ல இருந்து எடுத்த இரும்பு வார்ப்பைக் கிரைண்டிங் மிஷின்ல வச்சுத் தேய்ச்சு வழவழப்பாக்கணும். அங்கயும் தூசிதான். 2019ல அவனுக்கு மேமூச்சு வாங்க ஆரம்பிச்சது. சளியில கிருமி இல்லன்னு வந்தும், எக்ஸ்ரேவைப் பாத்துட்டு ரெண்டு தடவை ஆறாறு மாசம் டி.பி. மாத்திரை குடுத்தாங்க. கேக்கலன்னதும் 'ஆஸ்துமா'ன்னு ஒரு பம்பு குடுத்தாங்க. அவனும் அப்பனைப் போலவே முட்டி மேல கைய ஊண ஆரம்பிச்சான். அதைப் பாத்த அன்னிக்கு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

2023ல வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. மருந்துச் சீட்டையெல்லாம் ஓரமா வச்சுட்டு, 'அண்ணா, நீங்க இதுவரைக்கும் என்னென்ன வேலை பார்த்தீங்க? சின்ன வயசுலேருந்து சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. என் தம்பி திகைச்சுப்போயி என்னைப் பாத்தான். அவனை 'வா, போ'ன்னு கூப்பிடாத டாக்டரே அவனுக்குப் புதுசு. பதினாலு வயசுலேருந்து சொன்னான். அவங்க எழுதிக்கினே இருந்தாங்க. அப்புறம் சி.டி. ஸ்கேன். மேல் நுரையீரல் முழுக்க மணல் எறைச்ச மாதிரி புள்ளி. நெணநீர்க் கட்டிங்களச் சுத்தி முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிஞ்சிருந்தது. 'இது சிலிகோசிஸ். கல்லுத்தூள் நோய். இதோட மூச்சுக்குழாய் சுருக்கமும் சேர்ந்திருக்கு'ன்னாங்க.

எங்க குடும்பத்துல ரெண்டு தலைமுறையா இருந்த நோய்க்கு அன்னிக்குத்தான் சரியான பேரு கிடைச்சது. ஒரு கேள்வி கேட்டதால கிடைச்சது. அந்தக் கேள்வியோட வரலாற்றை எழுதிப் பாக்கணும்னு எனக்கு அப்பத்தான் தோணுச்சு.

*

'என்ன வேலை செய்கிறாய்?' என்று நோயாளியைக் கேட்க வேண்டும் என்பதை 1700ஆம் வருஷமே எழுதி வைத்தவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் கல்தச்சர்கள் வருகிறார்கள். கல்லைச் செதுக்கும்போது பறக்கும் கூரான துகளை அவர்கள் மூச்சில் இழுப்பதையும், அதனால் இருமலும் இளைப்பும் வருவதையும் சொல்கிறார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி எங்கள் சேரி வரைக்கும் வந்து சேரவில்லை. ஏன்?

கேள்வி கேட்டால் பதில் வரும். பதில் வந்தால், இந்த வேலைக்கு இவனை அனுப்பியது யார், இவன் ஏன் போனான் என்று அடுத்த கேள்விகள் வரும். எங்கள் ஆட்கள் கல்லுக்குப் போனது கல்லின் மேல் ஆசைப்பட்டா? காலடியில் நிலம் இல்லாததால் போனார்கள்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் இந்த ஜில்லாவின் பறையர் நிலைமையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தம் இல்லை, கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரிடம் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று எழுதினார். அதன் பேரில் 1892இல் அரசாணை வந்தது. அப்படிக் கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறார்கள். அந்த நிலமெல்லாம் யார் யார் கைக்குப் போனது என்பது நமக்குத் தெரியும். காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். எங்கள் நைனாவுக்கு அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியது நான்தான். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், 'ஒரு காணி இருந்திருந்தா நான் எதுக்குக் கல்லுக்குப் போறேன்?' என்றார். ஒரு கலெக்டர் பல பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நிலம் இல்லாதவன் எங்கே போவான்? வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். எங்கள் ஆயாவின் தாய்மாமன் ஒருவரும் போனார். தங்கவயல் நமக்குப் பெருமையான ஊர்தான். பண்டிதர் அயோத்திதாசரின் 'தமிழன்' பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தியவர்கள். பண்டிதரே ஒரு சித்த வைத்தியர் என்பதையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த ஊரின் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 1940க்கும் 1946க்கும் நடுவில் தங்கவயலில் சுமார் 7600 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிகோசிஸ் இருந்தது. தங்கம் மேலே வந்தது. தூள் உள்ளே போனது. சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். நெஞ்சில் போன தூளை யாரும் வெளியே எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது.

எங்கள் பக்கத்தில் சுரங்கம் இல்லை, குவாரி இருந்தது. திரிசூலம், பல்லாவரம், பம்மல், குன்றத்தூர் என்று மலையும் பாறையும் இருந்த இடமெல்லாம் சென்னை நகரத்துக்காக உடைபட்டது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998இல் கார் வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான், 2012இல் டெய்ம்லர். 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பத்திரிகைகள் எழுதின. சிப்காட்டுக்குப் போட்ட ரோட்டுக்கும், கட்டின கட்டடத்துக்கும் ஜல்லி வானத்திலிருந்தா கொட்டியது? எங்கள் நைனா மாதிரியான ஆட்கள் உடைத்ததுதான் ஜல்லி. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த நினைப்பு எனக்கு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகள் இருக்கின்றன. 2017இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அந்தக் குழிகளில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுத்தப்படுத்திச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் குடிக்க நல்லதா என்று பரிசோதித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் குழி தோண்டினவர்களின் நெஞ்சை இப்படித் தேடிப் போய்ப் பரிசோதித்து நான் பார்த்ததில்லை.

*

நுரையீரல் வைத்தியத்தின் வரலாறும் எங்களுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகப் பஸ் ஏறினால் தாம்பரம். தாம்பரம் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் டாக்டர். இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காசநோய் ஆஸ்பத்திரி நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே போய் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, ஆளின் தெம்புக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக வேலை - இதுதான் அந்தக் காலத்து சானடோரிய வைத்தியம். 1937இல் அரசாங்கம் அந்த ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அது நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடக்கிறது.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. சானடோரியத்தில் சேர்த்துப் பார்ப்பதா, வீட்டில் வைத்துப் பார்ப்பதா என்று அங்கே ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 1959இல் வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கும், சென்னையின் நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் பூராவும் காசநோய் வைத்தியம் மாறியதற்கு இந்தச் சோதனை ஒரு காரணம். ஏழை வீட்டில் வைத்தியம் நடக்காது என்று சொன்ன மேட்டிமைப் பேச்சுக்கு அது பதில் சொன்னது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. வீட்டுக்கு ஆள் போனது, மாத்திரையை எண்ணிப் பார்த்தது, அந்த வீட்டையும் ஆளையும் தெரிந்துவைத்திருந்தது. பின்னால் எங்கள் தெருவுக்கு வந்தது மாத்திரை மட்டும்தான். தெரிந்துகொள்கிற ஆள் வரவில்லை.

இ.எஸ்.ஐ. வரலாறும் நம்முடையதுதான். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோதுதான் பி.பி.அதார்க்கர் தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றி அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை 1944இல் வந்தது, சட்டம் 1948இல் வந்தது. சம்பளத்தில் பிடித்தம் செய்தவனுக்குத்தான் இ.எஸ்.ஐ. கார்டு. எங்கள் நைனாவுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. சனிக்கிழமை மேஸ்திரி கையில் எண்ணிக் கொடுக்கிற கூலிதான்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. எங்கள் அம்மாவுக்கும் வருகிறது. அந்தப் பை எடுத்துக்கொண்டு வருகிற பொண்ணு எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடும். இளைப்புக்கும் இதே மாதிரி வாசலுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். இது அபூர்வமான நோயும் இல்லை. 2019இல் உலகத்தில் அதிகம் பேரைச் சாகடித்த நோய்களில் மூச்சுக்குழாய் அடைப்பு நோய் மூன்றாவது இடத்தில் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் செத்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர்.

*

ஆளைப் பாத்து வைத்தியம்னா என்னன்னு என் தம்பி விஷயத்துல நான் கண்ணால பாத்தேன். அதை எழுதணும்.

மொதல்ல ஒரு நர்ஸக்கா அவன் வச்சிருந்த பம்பைக் காட்டச் சொன்னாங்க. 'எப்படி இழுக்கறீங்க, இழுத்துக் காட்டுங்க'ன்னாங்க. அழுத்தினான். மருந்து பாதி வாயிலேருந்து பொகையா வெளியே வந்துச்சு. மூணு வருஷமா அப்படித்தான் இழுத்திருக்கான். மருந்து நெஞ்சுக்குப் போகவே இல்ல. 'மருந்து சரியில்லாம இல்லண்ணா, உங்களுக்கு யாரும் சொல்லித் தரல'ன்னாங்க. ஒரு பிளாஸ்டிக் குழலு குடுத்து, பம்பை அதுல மாட்டி, மொதல்ல மூச்சை வெளியே விட்டு, ஒதட்டை இறுக்கி, அழுத்தி, மெதுவா இழுத்து, பத்து எண்ணுற வரைக்கும் அடக்கி, அப்புறம் வாய் கொப்புளிக்கச் சொன்னாங்க. மூணு தடவை செய்ய வச்சாங்க. அடுத்த மாசம் போனப்பவும் மறுபடி செஞ்சு காட்டச் சொன்னாங்க.

குழாயில ஊதச் சொல்லிப் பாத்தாங்க. எவ்வளவு அடைச்சிருக்குன்னு அதுல தெரியும். வெரல்ல கிளிப்பு மாட்டி நடக்க வச்சாங்க. விசில் அடிக்கிற மாதிரி ஒதட்டைக் குவிச்சு மூச்சு விடக் கத்துக்குடுத்தாங்க. மாடிப்படி ஏறும்போது எந்தப் படியில மூச்சு இழுக்கறது, எந்தப் படியில விடறதுன்னு சொல்லிக்குடுத்தாங்க. சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி. கல்லுத்தூள் நோய் இருக்கறவங்களுக்குக் காசநோயும் சுலபமா ஒட்டிக்கும்ன்றதால சளியை அப்பப்பப் பரிசோதனை. வீட்டுல என்ன அடுப்புன்னு கேட்டாங்க. கேஸ் தீந்துபோனா வேலிக்காத்தான் கட்டைதான்னு சொன்னோம். 'அடுப்பை வெளியே தாழ்வாரத்துல வைங்க, அண்ணன் படுக்கற பக்கம் பொகை வரக் கூடாது'ன்னாங்க. இதுக்கு மருந்துச் செலவு ஒண்ணும் இல்ல. ஆனா கேக்கணும் இல்ல?

இந்த நோய்க்குக் குணம் கிடையாது, மோசமாவறதைத்தான் தள்ளிப்போட முடியும்னு அவங்க மறைக்காம சொன்னாங்க. என் தம்பி, 'எங்கப்பாவுக்கு யாரும் இதைச் சொல்லல மேடம்'னான். இப்ப அவன் படுத்துத் தூங்கறான். தெருமுனை டீக்கடை வரைக்கும் நிக்காம நடக்கறான். எனக்கு அது பெரிய விஷயம்.

கடைசியா டாக்டரம்மா, 'தூசி வேலையை விட்டுடணும் அண்ணா'ன்னாங்க. அங்கதான் எல்லாம் நின்னுபோச்சு. அவன் சிரிச்சான். 'விட்டுட்டா யாரு சோறு போடுவாங்க மேடம்?' அவங்ககிட்ட பதில் இல்ல. தலையைக் குனிஞ்சிக்கினாங்க. அவங்க மேல தப்பு இல்ல.

*

தனி ஆளுக்கான வைத்தியம் இந்த இடத்தில் வந்துதான் முட்டுகிறது. பம்பு, தடுப்பூசி, நடைப்பயிற்சி எல்லாம் ஆளைப் பார்த்துக் கொடுக்கலாம். கூலியை யார் கொடுப்பது? அதற்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1923ஆம் வருஷத்து நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கல்லுத்தூள் நோய் சேர்க்கப்பட்டிருந்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் சிலிகோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். பார்த்த டாக்டர் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று சொன்னது. 2020இல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஆனால் 'டி.பி., பீடிப் பழக்கம் உண்டு' என்று எழுதிவிட்டால் யாருக்கும் எதையும் அறிவிக்க வேண்டாம். முதலாளிக்கும் தொந்தரவில்லை, ஆய்வாளருக்கும் தொந்தரவில்லை. நோய் தொழிலாளியின் ஒழுக்கக் குறைவாகிவிடுகிறது. அவன் குடித்த பீடி கண்ணுக்குத் தெரிகிறது, அவன் உடைத்த மலை தெரிவதில்லை. நம்மை அசுத்தம் என்று சொன்ன அதே பார்வைதான் இங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நட்டஈடு கேட்டுப் போனால், 'எந்தக் கம்பெனி? அத்தாட்சி எங்கே?' என்கிறார்கள். குவாரி இப்போது தண்ணீர் நிரம்பின குழி. முதலாளி ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். மேஸ்திரி செத்துவிட்டார். ராஜஸ்தானில் 2019இல் ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். மருத்துவக் குழு நோயை உறுதி செய்தால் 3 லட்சம் ரூபாய், செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எந்த முதலாளியிடம் வேலை செய்தாய் என்று நிரூபிக்கச் சொல்லி அலைய வைப்பதில்லை. கல் உடைத்தவர்கள் சேர்ந்து கேட்டதால் அது வந்தது. நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

நான் வாத்தியார் வேலை பாக்கறவ. எனக்குத் தெரிஞ்சது எழுதறதுதான். போன வருஷம் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். எங்க தெருவுல குவாரிக்கும் கிரஷருக்கும் போனவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். பேரு, எந்த வயசுல போனாங்க, என்ன வேல, எத்தனை வருஷம், கூட வேல செஞ்சவங்க யாரு, தண்ணி தெளிச்சு ஒடச்சாங்களா, எப்ப இளைப்பு வந்தது, என்ன மாத்திரை குடுத்தாங்க. பாதிப் பேரு இப்ப இல்ல. இல்லாதவங்களுக்கு அவங்க வீட்டுப் பொம்பளைங்க சொன்னாங்க. ஒரு ஆயா, 'இதையெல்லாம் இப்ப எதுக்குடி கேக்கற?'ன்னு திட்டிக்கினே ஒரு மணி நேரம் சொல்லிச்சு.

இந்த நோட்டு கோர்ட்டுல அத்தாட்சியா நிக்குமான்னு வக்கீலுதான் சொல்லணும். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கையில அவங்க பக்கத்தை நகல் எடுத்துக் குடுக்கறேன். டாக்டரு கேக்கலன்னாலும் மேசை மேல வைங்கன்னு சொல்லியனுப்பறேன். படிக்கிற தோழர்களும் அவங்கவங்க சேரியில இதைச் செய்யலாம். பெரிய படிப்பு வேணாம், ஒரு நோட்டு போதும்.

மொதல் பக்கத்துல எங்க நைனா பேரை எழுதியிருக்கேன். 'வேலை' என்ற இடத்துல, 'கல் உடைத்தல், இருபது வருஷம்'. 'நோய்' என்ற இடத்துல இருந்த டி.பி.யை அடிக்கல. அதுவும் இருந்திருக்கலாம். அதுக்குப் பக்கத்துல, அவருக்கு யாரும் எழுதித் தராததை எழுதியிருக்கேன்: கல்லுத்தூள்.